இரண்டு பக்கமும் எழுதியவர்

யார் பக்கம் நியாயம் என்று அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைய வேலை கெட்டது.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் என் தகப்பனார் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு நான் நடத்தினேன். கீழே இரண்டு குடித்தனம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். காலையில் முதல் குடம் யாருடையது என்று முன்வீட்டம்மாவுக்கும் பின்வீட்டம்மாவுக்கும் தினமும் தகராறு. ஒரு நாள் அது முற்றிப்போய், டைப் அடிக்கத் தாள் கொண்டுவந்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த இவரை நிறுத்தி, காலேஜ் வாத்தியார் சொல்லட்டும் என்றார்கள். அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முன்வீட்டுக்காரருக்கு மில்லில் முதல் ஷிஃப்ட், சங்கு ஊதுவதற்குள் சோறு பொங்கியாக வேண்டும். பின்வீட்டில் கைக்குழந்தை, அதோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரமும் அதிகம். இப்படி இரண்டு பேருக்கும் அவர்களுக்கே தோன்றாத நியாயங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்துகொண்டார். அதுவரை ஆளுக்கொரு காரணம் வைத்துச் சண்டை போட்டவர்களிடம் இப்போது ஆளுக்கு நாலு காரணம் இருந்தது. சண்டை இன்னும் ஒரு வாரம் நடந்தது. கடைசியில் நான்தான் கீழே போய், ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர்கள் என்று கத்திவிட்டு வந்தேன்.

நான் அப்படித்தான். எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிடுவேன். அவர் அதற்கு நேர் எதிர். அவருடைய ஆராய்ச்சியை டைப் அடித்துக் கொடுத்த எட்டு வருஷமும் அதனாலேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த எட்டு வருஷத்தில் நான் படித்ததுதான் நான் படித்த காலேஜ் படிப்பு.

அவர் பெயரை இங்கே போடவில்லை. போட்டால், தன் பக்கமே சாய்ந்து எழுதிவிட்டேன் என்று அவரே கோபித்துக்கொள்வார்.

ஒரு கல்லூரியில் அரசியல் விரிவுரையாளராக இருந்தார். பாக்கி நேரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கிற பேச்சுவார்த்தைகளைப் பற்றிய படிப்பு அது. வழிகாட்டிப் பேராசிரியர் சென்னையில் இருந்தார். இவர் ஐம்பதுகளின் நடுவில் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் தமிழ் ஜனங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இந்திய அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் பேசிய பேச்சுகள்தான் அவருடைய பொருள். ஒரு தடவை எழுதி முடிக்கப்போகிற சமயத்தில், இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கூடிப் பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று புதிதாக ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நான் அதுவரை அடித்ததில் பாதி வீண். உங்கள் ஆராய்ச்சியைக் கெடுக்கத்தான் அவர்கள் கூடியிருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, அவர்களுக்கு இருந்த நெருக்கடிகளை அரை மணி நேரம் எனக்கு விளக்கினார்.

அவரிடம் நீளமான நோட்டுகள் இருந்தன. திறந்தால் இடது பக்கம் முழுக்க இந்தியா, வலது பக்கம் முழுக்க இலங்கை. இடது பக்கத்தில் இருபது வரி எழுதினால் வலது பக்கத்திலும் இருபது வரி தேறும்வரை அடுத்த தாளைத் திருப்ப மாட்டார். அதற்காகக் கொழும்பிலிருந்து பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகத் தபாலில் வரவழைத்துப் படிப்பார். அங்கே பார்லிமெண்டில் யார் என்ன பேசினார்கள் என்பது இங்கே கவுன்சிலர் என்ன பேசினார் என்பதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடிக்கக் கொடுப்பார். இடது பக்கத்தை வாசிக்கும்போது எனக்கு இலங்கைக்காரர்கள்மேல் ரத்தம் கொதிக்கும். நூறு வருஷம் உழைத்த ஜனத்தை ஓட்டுரிமை இல்லாமல் நிறுத்திவிட்டார்களே என்று திட்டித் தீர்ப்பேன். அவர் பேசாமல் வலது பக்கத்தை வாசிப்பார். சின்னத் தீவு. வெள்ளைக்காரன் தன் லாபத்துக்காக அந்த ஊர்க்காரனைக் கேட்காமலேயே கூட்டிக்கொண்டுவந்து இறக்கிய ஜனம். தன் மலையைத் தோட்டத்துக்குப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற சிங்களக் குடியானவன். இதையெல்லாம் கேட்டால் எனக்கு அதுவும் சரி என்றே படும்.

"ஏனுங் சார், இப்பத்தான அவங்க மேல தப்புன்னு சொன்னீங்க?"

"நான் சொல்லலீங்க அம்மணி. எடது பக்கம் சொல்லுச்சு."

இதில் வேடிக்கை பார்க்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தோட்டங்களில் ஒன்றில் அவருடைய கூடப்பிறந்த அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். இதை அவர் ஒளிக்கவும் இல்லை, பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பவானிப் பக்கம் ஒரு கவுண்டர் பண்ணையத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வழி கிடைத்தது. தாயில்லாத பிள்ளையை நாலு மைல் நடத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அக்காதான். அக்காவைச் சேலத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கட்டிய வேகத்தில் புருஷன் இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்கா கப்பல் ஏறியபோது இவர் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரம் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பார்க்கவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அங்கே யாராவது வாசித்துச் சொல்லி, பதில் எழுதி அனுப்புவார்கள்.

தன் அக்காவை நாடில்லாதவளாக நிறுத்திவிட்ட அரசாங்கத்தின் வாதத்தை, அந்த நாட்டு வக்கீலே மெச்சும்படி எழுதினார். இதை எப்படி ஒரு மனுஷனால் செய்ய முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். கல்லூரியில் சிலர் அவரைச் சிலோன்காரன் வக்கீல் என்று சொன்னார்களாம். அதைக்கூட அவரே என்னிடம் வந்து சொல்லிவிட்டு, அவர்கள் அப்படி நினைப்பதற்கு இன்னின்ன காரணம் இருக்கிறது என்றார்.

எனக்கு அவர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது ஒரே ஒரு நாள்தான். அது உண்மையில் என்மேல் வந்திருக்க வேண்டிய கோபம். மாடிக்கு வருகிறவர்களுக்கு என் அம்மா காபி கொடுத்தனுப்புவாள். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு மட்டும் ஒரு கண்ணாடி டம்ளர், அதுவும் ஜன்னலோரம் தனியாக இருக்கும். அதை நான் கவனிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. கவனித்த அன்றைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் பதறிப்போய், அம்மா வளர்ந்த வீட்டில் அப்படிப் பழக்கியிருப்பார்கள், அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் என்று தொடங்கினார்.

"நிறுத்துங் சார். இதுக்கு ரெண்டு பக்கம் கெடையாதுங்க" என்றேன்.

அப்படீங்களா என்று மட்டும் அவர் கேட்டார். அவ்வளவு படித்தவர் நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். மறுநாளிலிருந்து நானே இரண்டு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு ஒன்றை நான் குடித்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஆராய்ச்சி முடிகிற கட்டத்துக்கு வந்தது. அசல் ஒன்று, கார்பன் பிரதி நாலு. பக்கத்துக்குப் பக்கம் அடியில் அடிக்குறிப்பு. எந்த வரியையும் அவர் அடிக்குறிப்பு இல்லாமல் விட்டதில்லை. தாளின் அடியில் எத்தனை வரி மிச்சம் வைப்பது என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் ஐந்து தாளிலும் அழிக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, எல்லாம் சரி, உங்கள் முடிவு என்ன என்று கேட்டிருந்தார். இவர் கடைசியில் நாலு பக்கம் சேர்த்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்கிற நாலு பக்கம். நானும் அடித்து முடித்தேன். பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கடிதம் வந்தது. ஒப்பந்தப்படி இப்போது எல்லோரையும் மனுப் போடச் சொல்கிறார்கள், இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பாரம், இலங்கையிலேயே இருக்கிறவர்களுக்கு ஒரு பாரம், நான் எதில் கைநாட்டு வைக்கட்டும் தம்பி, நீ படித்தவன், நீ சொல்லு என்று எழுதச் சொல்லியிருந்தார்.

அவர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துதான் பதில் எழுதினார். ஒரு மத்தியானம் முழுக்க எழுதினார். தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் 'இங்கே வந்தால்', வலது பக்கம் 'அங்கேயே இருந்தால்' என்று தலைப்புப் போட்டார். இங்கே சொந்த நாடு, ஓட்டு, தம்பி இருக்கிறான். ஆனால் நிலம் இல்லை, வேலை நிச்சயமில்லை. அங்கே முப்பது வருஷம் உழைத்த மண், புருஷனைப் புதைத்த இடம், அங்கேயே பிறந்து வளர்ந்த மகன். ஆனால் மனுவை ஏற்றுக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை. அவருடைய வழக்கப்படி இரண்டு பக்கத்திலும் சமமான வரிகள். கடைசியில், யோசித்து நீயே முடிவு செய், எந்த முடிவானாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதினார்.

படித்துப் பார்த்துவிட்டு, வாங்க என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா என்று நான் கேட்டேன்.

"நான் வான்னு எழுதுனா அது என்ற ஆசைங்க அம்மணி. என்ற ஆசைக்காவ அவங்க முப்பது வருஷத்த உட்டுப்போட்டு வரோணுங்களா?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது அவ்வளவு நியாயமாகப் பட்டது. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்றுகூட நினைத்தேன். நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் மாடியேறி வந்து, உட்காராமலேயே என்னிடம் நீட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கையெழுத்து. அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தது அந்தப் பெண்.

"தம்பி, நீ எழுதினதை லயத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். எல்லாரும் உன்னையப் பெருமையாப் பேசினாங்க. ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருந்துச்சு. வான்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருக்குதான்னு மூணு தடவை படிக்கச் சொன்னேன். இல்லை. நான் வர்றது உனக்குத் தோதுப்படாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். உன்மேல வருத்தம் இல்லை. இங்கேயே இருக்கிற பாரத்துல கைநாட்டு வெச்சிட்டேன்."

கீழே குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர் ஜன்னலோரமாகப் போய் நின்றார்.

"என்ற நோட்டுல எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு இருந்துதுங்க அம்மணி. எங்கக்கா எந்தப் பக்கத்துலயும் இல்லீங்க."

அடித்து அடுக்கி வைத்திருந்த ஐந்து பிரதிகளையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய கெடு அந்த மாதம்தான், ஆனால் அவர் கொடுக்கவில்லை. பேராசிரியர் கோபித்தார். கெடு தப்பினால் அத்தனை வருஷ உழைப்பும் போய்விடும் என்று கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னாராம். எப்படியோ மனுப் போட்டு மேற்கொண்டு ஒரு வருஷம் வாங்கினார். அக்காவுக்கு அன்றைக்கே எழுதினார். வா என்றுதான் எழுதினார், வேறு எதுவும் எழுதவில்லை. பிறகு அந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கும் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கும் எழுதினார். எந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், உங்களை யாராவது கேட்டார்களா என்று மூன்று கேள்வி. பதில்கள் வரத் தொடங்கின. பென்சிலில் எழுதியவை, நோட்டுத் தாளில் எழுதியவை, ஒன்று தேயிலைப் பெட்டி அட்டையில்கூட வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு எந்தப் பாரம் எது என்றே தெரியாது. அவர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சியில் மூன்றாம் பாகம் என்று ஒன்று உண்டாயிற்று. இரண்டு அரசாங்கங்களும் பத்துப் பதினைந்து வருஷம் பேசின, பேசப்பட்டவர்களைக் கேட்கவில்லை, இது தவறு என்று முடித்திருந்தார். தவறு என்ற வார்த்தையை அவர் எழுத்தில் நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டுச் சரிதானா என்று அவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பாகத்தில் ஓரிடத்தில், "வான்னு ஒரு வார்த்தை இருக்குதான்னு மூணு தடவை படிக்கச் சொன்னேன்" என்கிற வாக்கியம் இங்கிலீஷில் இருந்தது. கீழே அடிக்குறிப்பில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கடிதம், எழுதியது அவருடைய தம்பிக்கு என்று மட்டும் போட்டிருந்தார். ஐந்து தாளையும் சேர்த்துச் சுருட்டி ஏற்றி, ஒரு தப்பும் இல்லாமல் அடித்தேன். அந்தப் பக்கத்தில் ரப்பர் படக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

வாய்மொழித் தேர்வில் ஒருவர், இந்த மூன்றாம் பாகத்தில் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்களே என்று கேட்டாராம். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். ஆமாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அக்கா வரவில்லை. வா என்று எழுதியதற்கு ரொம்ப நாள் கழித்து வந்த பதிலில் இருந்தது இவ்வளவுதான்: "நான் கேட்ட வார்த்தை வந்துருச்சு, அது போதும் தம்பி. மகன் இங்கேயே இருக்கேங்கிறான். வெச்ச கைநாட்டு வெச்சதா இருக்கட்டும். நான் கேட்ட வார்த்தையை இப்ப நானே எழுதச் சொல்றேன். ஒரு தடவை வா."

பட்டம் வாங்கிய கையோடு அவர் விசாவுக்கான பாரத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். இராமேஸ்வரத்தில் கப்பல் ஏற அது வேண்டும். நான் பாரத்தை மெஷினில் ஏற்றி, கட்டம் கட்டமாகக் கேட்டுக் கேட்டு அடித்தேன். பெயர், ஊர், தொழில். பார்க்கப் போகிறவர் என்ன உறவு என்று கேட்டிருந்தது. அக்கா என்றார். பார்க்கப் போகிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டிருந்தது. அக்கா கைநாட்டு வைத்த மனு அப்போது எந்த ஆபீசில் எந்த மேஜையில் இருந்ததோ தெரியாது. அந்தக் குடியுரிமையைப் பற்றியே ஐந்நூறு பக்கம் எழுதியவர், அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்.

கடைசிக் கட்டம், என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்பது. ஆராய்ச்சிக்கு என்று போடலாம், பெரிய படிப்பு, பார்த்ததும் கொடுத்துவிடுவார்கள், கூடவே அக்காவைப் பார்க்க என்றும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் யோசனை சொன்னேன். முதல் முறையாக இரண்டு காரணம் சொன்னது நான்தான்.

"வேண்டாமுங்க அம்மணி. அக்கா வரச் சொல்லியிருக்குதுன்னு அடிங்க."

அடித்தேன். அதற்கு ஆதாரம் என்ன, தேதி என்ன என்று அவர் ஏதாவது சொல்வார் என்று பழக்கத்தில் கையை வைத்தபடியே காத்திருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவருக்காக நான் அடித்த வரிகளில் அடிக்குறிப்பு இல்லாத வரி அது ஒன்றுதான்.